பூங்காவனம் தனக்கு எதிராக எழுதிய மனு

ஒரு காட்டில் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊரில் என்று தொடங்கினால், ‘இது எங்க வீட்டு விஷயமாச்சே’ என்று நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எதற்கு வம்பு? காட்டிலேயே வைத்துக்கொள்வோம்.

அந்தக் காட்டில் பூங்காவனம் என்று ஒரு மலையணில் இருந்தாள். சிவந்த முதுகு, புசுபுசுவென்று நீண்ட வால், அச்சடித்தது போல் கையெழுத்து. எதைத் தொட்டாலும் அரைகுறையாக விடமாட்டாள். நாவல் மரத்தில் ஒரு பழம் கடித்தாள் என்றால் அந்தக் கொத்தை முடித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அவளுக்கு வாய்த்த புருஷன் தணிகாசலமோ, எதையும் முடித்த சரித்திரமே கிடையாது. கல்யாணமான மூன்று வருஷத்தில் ஏழு கூடு கட்டத் தொடங்கினான். ஏழும் பாதியில் நிற்கின்றன. ஒன்றுக்குத் தரை இல்லை. இன்னொன்றுக்குக் கூரை இல்லை. மூன்றாவதுக்கு இரண்டும் இல்லை, அதைக் கூடு என்று அவன் சொன்னால்தான் தெரியும். மேல் கிளையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கொட்டை உடைத்துத் தின்பான். ஓடெல்லாம் கீழே உட்கார்ந்திருக்கும் பூங்காவனத்தின் தலையில் வந்து விழும். கெட்டவன் இல்லை, பாவம். ஆனால் கெட்டவன் இல்லை என்பதற்காக ஒருத்தனோடு எத்தனை மழைக்காலம்தான் நனைவது? அவள் கரடி நீதிபதியிடம் போய் விவாகரத்துக் கேட்டாள். தணிகாசலம் ஒரு வாய்தாவுக்கு வந்தான், மற்ற வாய்தாவுக்கெல்லாம் தூங்கிவிட்டான். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது.

அதற்கப்புறம்தான் ஓடைக்கு அந்தப் பக்கத்து அருமைநாயகத்தைப் பார்த்தாள். அவன் தன் கூட்டின் கூரைக்குக் கடைசிக் குச்சியைச் செருகிக்கொண்டிருந்தான். செருகிவிட்டு, இறங்கி வந்து, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, எங்கேயோ வெளிச்சம் தெரிகிறது என்று மறுபடி ஏறிப்போய் ஒரு இலையை அடைத்தான். பூங்காவனத்துக்கு அந்த இடத்திலேயே மனசு போய்விட்டது. அவனுக்கும் அப்படித்தான்.

ஆனால் அருமைநாயகத்துக்கு ஒரு அம்மா இருந்தாள். பட்டம்மாள் என்று பெயர். அவள் பேச்சில் முற்றுப்புள்ளி மட்டும்தான் உண்டு, கேள்விக்குறி கிடையாது.

“ஆனி இருபத்தேழு கடைசி முகூர்த்தம். அதுக்குள்ள முடிச்சா முடிங்க. ஆடியில எங்க குடும்பத்துல கல்யாணப் பேச்சே எடுக்கிறதில்ல. ஆவணி வரைக்கும் நான் காத்திருக்கவும் மாட்டேன். என் அண்ணன் பொண்ணு ரெடியா இருக்கா” என்றாள்.

பூங்காவனம் மரப்பட்டையில் கோடு கிழித்துக் கணக்குப் போட்டாள். விவாகரத்துக்குப் பிறகு தொண்ணூறு நாள் மறுமணம் செய்யக்கூடாது; எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய அவ்வளவு நாள் தருவது காட்டுச் சட்டம். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ணினாள். ஆனி இருபத்தைந்தோடு தொண்ணூறு முடிந்தது. அப்பாடா, இரண்டு நாள் மிச்சம்! உடனே தேக்கு இலையில் பத்திரிகை எழுதி, காடு முழுக்கக் கொடுத்துவிட்டாள். கடைசிப் பத்திரிகையைத் தன் வக்கீலுக்குக் கொண்டு போனாள்.

வக்கீல் கோதண்டம் ஒரு காட்டெருமை. எதையும் ஒருமுறை மென்று, விழுங்கி, திரும்பக் கொண்டுவந்து இன்னொரு முறை மெல்லாமல் கருத்துச் சொல்லமாட்டார். பத்திரிகையைப் படித்தார். மென்றார்.

“ஏம்மா, தொண்ணூறு நாளை எந்தத் தேதியிலேர்ந்து எண்ணின?”

“தீர்ப்புச் சொன்ன அன்னியிலேர்ந்துதான் வக்கீலையா.”

“தீர்ப்போட நகல் கைக்கு வந்த அன்னியிலேர்ந்து எண்ணணும்மா. மரங்கொத்தி குமாஸ்தா முத்திரை கொத்திக் கொடுக்க ஒன்பது நாள் ஆக்கினான். உனக்கு ஆடி ரெண்டாம் தேதிதான் தொண்ணூறு முடியுது.”

பூங்காவனத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அணிலுக்கு அது பெரிய விஷயம்.

“ஒரு வாரம்தானே ஐயா? தணிகாசலம் மேல்முறையீடெல்லாம் செய்யவே மாட்டார். அந்தப் பேரைக்கூட முழுசாச் சொல்லி முடிக்கமாட்டார்.”

“செய்வாரா மாட்டாரான்னு சட்டம் பார்க்காது. செய்ய முடியுமான்னுதான் பார்க்கும். அதுவரைக்கும் நீ பாதி பெண்டாட்டி. இப்பக் கல்யாணம் பண்ணினா அந்தக் கல்யாணம் செல்லாது. ஏழு மழைக்காலம் கூண்டு வேற.”

“அவர்கிட்ட ‘மேல்முறையீடு செய்யமாட்டேன்’னு எழுதி வாங்கிட்டு வரட்டுமா?”

“அதுக்குன்னு ஒரு படிவம் இருந்துச்சு. கரையான் தின்னு நாலு வருஷமாச்சு. புதுசு இன்னும் வரல.” கோதண்டம் கண்ணை மூடி இன்னொரு முறை மென்றார். “ஒரு வழி இருக்கு. கேட்டா சிரிப்பே. அவர் மேல்முறையீடு செய்யணும். அதை மேல் கோர்ட்டு யானையம்மா தள்ளுபடி பண்ணணும். தள்ளுபடி ஆன அந்த நிமிஷமே உனக்கு விடுதலை. நாள் கணக்கே வேண்டாம்.”

பூங்காவனம் சிரிக்கவில்லை. வக்கீல் வாயை மூடுவதற்குள் நாலு மரம் தாண்டியிருந்தாள்.

தணிகாசலம் எட்டாவது கூட்டின் பாதியில் படுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

“ஏய், உன்னை விட்டுப் பிரிஞ்சு இப்பதான் மூணு மாசமா தலைமாட்டுல சத்தமில்லாமத் தூங்குறேன். நீ வேணும்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? ஏதாவது தப்பாயிடுச்சுன்னா?”

“என்னங்க தப்பாகும்? நீங்க எழுதி எது உருப்பட்டிருக்கு? உங்க மனு தோத்தா எனக்குக் கல்யாணம். தோக்கிறது ஒண்ணுதானே நீங்க முழுசாச் செய்யிற வேலை! இதைச் செய்யலைன்னா நான் அருமைநாயகத்தை விட்டுட்டு நிக்கணும். அவங்கம்மா அண்ணன் பொண்ணைக் கட்டி வச்சிடுவாங்க” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பூங்காவனம் அழுது தணிகாசலம் பார்த்ததில்லை. திட்டித்தான் பார்த்திருக்கிறான். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி சரி, அழாத. எழுதித் தொலைக்கிறேன்” என்று ஒரு இலையை இழுத்து எழுதினான்:

‘ஐயா, என் மனைவி வேண்டும். இப்படி’

அவ்வளவுதான். ‘இப்படிக்கு’ என்பதைக்கூட முடிக்கவில்லை. தூங்கிவிட்டான்.

பூங்காவனம் அதையே கொண்டுபோய் மரங்கொத்திக் குமாஸ்தாவிடம் நீட்டினாள். அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். “ஐயா இல்லை, அம்மா. காரணங்கள் பன்னிரண்டு பத்திக்குக் குறையக்கூடாது. கையெழுத்து முழுசா இல்லை. திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்றான்.

“நல்லதாப் போச்சு! தள்ளுபடின்னு ஒரு முத்திரை கொத்திடுங்க.”

“இது தள்ளுபடி இல்லைம்மா, திருப்புறது. தள்ளுபடின்னா அதுக்கு முதல்ல உள்ளே போகணும். உள்ளே போகணும்னா ஒழுங்கா இருக்கணும்.”

அதாவது தோற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். பூங்காவனம் வீட்டுக்கு வந்து, வழவழப்பான ஒரு தேக்கு இலையைத் தேர்ந்தெடுத்து, முள்ளைக் கூராக்கிக்கொண்டு, தணிகாசலத்துக்காகத் தானே மனு எழுத உட்கார்ந்தாள். ‘சும்மா பன்னிரண்டு பத்தி ஒப்பேத்திவிட்டுப் போவோம்’ என்றுதான் உட்கார்ந்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் அரைகுறையாக ஒரு வேலை செய்ய அவளுக்குத் தெரிந்தால்தானே? முதல் பத்தி எழுதிப் படித்தாள். சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். இரண்டாவது பத்தியில் சூடு பிடித்துவிட்டது. கரடி நீதிபதியிடம் தான் சொன்ன குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதினாள். தன் வழக்கில் எங்கெங்கே ஓட்டை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

‘ஏழு கூடுகளையும் பாதியில் விட்டதாக என் மனைவி கூறுகிறாள். மீதிப் பாதி அவள் விருப்பப்படி அமைய வேண்டும் என்று ஏழு முறையும் காத்திருந்தேன். ஒருமுறைகூட அவள் என்னிடம் எப்படி வேண்டும் என்று சொல்லவில்லை.’

எழுதிவிட்டு, “அட, ஆமாம்ல?” என்று அவளே ஒரு நிமிஷம் அசந்துபோனாள்.

‘கொட்டை ஓடுகள் தலையில் விழுந்ததாகச் சொல்கிறாள். ஓடு விழுந்தது உண்மை. நான் மேல் கிளையில் ஏன் படுத்தேன் என்று அவள் கேட்டதுண்டா? பருந்து வந்தால் முதலில் என்னைத்தான் தூக்க வேண்டும் என்பதற்காகப் படுத்தேன்.’

பன்னிரண்டு பத்தி பத்தொன்பது ஆனது. கடைசிப் பத்தியை எழுதி முடித்தாள். அவ்வளவு நல்ல புருஷனை விட்டுவிட்டுப் போன அந்தப் பாவி யார் என்று அவளுக்கே கோபம் வந்தது. தணிகாசலத்தை எழுப்பிக் கையெழுத்து வாங்கினாள். அவன் மூன்று எழுத்து போட்டதும் கையைப் பிடித்து மீதியையும் போடவைத்தாள். குமாஸ்தா படித்தான், முத்திரையைக் கொத்தினான். ஆனி இருபத்துநாலில் விசாரணை.

யானையம்மா பெரிய நீதிபதி. ஒரு முறை பார்த்தது எதையும் மறக்கமாட்டார். மனுவை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். ஐந்தாவது பத்தியில் காதுகள் ஆடுவது நின்றது. பத்தாவது பத்தியில் தும்பிக்கையை உறிஞ்சினார். பதினாறாவதில் குமாஸ்தாவைக் கூப்பிட்டு வாழை இலை ஒன்று கொண்டுவரச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமாஸ்தா அதையும் பதிவேட்டில் எழுதிவைத்தான், அவன் வேலை அது.

“மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?”

தணிகாசலம் கொட்டாவி விட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. “சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க” என்றான்.

“பாவம், துக்கத்தில் பேச்சே வரவில்லை” என்று யானையம்மா குறித்துக்கொண்டார். “எதிர்மனுதாரர் இதை மறுக்கிறாரா?”

அப்போதுதான் பூங்காவனத்துக்கு உறைத்தது. ராப்பகலாக அவன் பக்கத்தை எழுதியதில், தன் பக்கத்துக்கு ஒரு வரிகூட அவள் எழுதிக்கொண்டு வரவில்லை!

“மறுக்கிறேன்மா! அத்தனையும் பொய்மா!”

“எந்தப் பத்தி பொய்?”

மனுவை அவளிடம் நீட்டினார். பூங்காவனம் வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். முதல் பத்தியில் ஒரு குறை கண்டுபிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஏழாவதில் ஏதாவது இருக்கும் என்று பார்த்தாள். படித்தாள், இன்னொரு தடவை படித்தாள்.

“ஏழாவது பத்தி... நல்லாத்தான்மா வந்திருக்கு” என்றாள். வாய் தவறி வந்துவிட்டது.

பின்னால் இருந்த வக்கீல் கோதண்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. விவாகரத்து ரத்து. இருவரும் கணவன் மனைவியாகவே நீடிக்கலாம். நல்லா இருங்க” என்று யானையம்மா தீர்ப்புச் சொன்னார். மரங்கொத்தி டக்டக்கென்று முத்திரை கொத்தினான், அன்றைக்கென்று பார்த்து அரை நிமிஷத்தில் நகல் கொடுத்தான்.

வெளியே வந்ததும் தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான். “நான்தான் அப்பவே சொன்னேனே! தப்பாயிடும்னு சொன்னேனே! உன்னை யாரு இவ்வளவு நல்லா எழுதச் சொன்னது?”

“எல்லாம் என் தலையெழுத்து!”

“உன் கையெழுத்துன்னு சொல்லு” என்றான் தணிகாசலம்.

கோதண்டம் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: இருவரும் சேர்ந்து சம்மதத்தோடு விவாகரத்துக் கேட்கலாம். அதற்கு மேல்முறையீடு கிடையாது, தொண்ணூறு நாள் கிடையாது. ஆனால் மனு போட்ட மாதத்தையும் சேர்த்து ஆறு மாதம் ஆறப்போட வேண்டும், மனசு மாறுகிறதா என்று பார்க்க. மறுநாளே மனுவைப் போட்டார்கள்.

பூங்காவனம் ஓடையைத் தாண்டி அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, தான் எழுதிய மேல்முறையீட்டு மனுவின் நகலையும் அருமைநாயகத்திடம் கொடுத்தாள். ஆறு மாதம் என்றதும் பட்டம்மாள் வாயைத் திறந்தாள். ‘அண்ணன் பொண்ணு’ என்று தொடங்கப் போகிறாள் என்று பூங்காவனத்துக்குத் தெரியும்.

அருமைநாயகம் குறுக்கே வந்தான். “அம்மா, முதல்ல இதைப் படி” என்று மனுவின் நகலைக் கொடுத்தான். “வேண்டாம்னு விட்ட புருஷனுக்கே இப்படி எழுதியிருக்கா. ஆறு மாசம் என்ன, ஆறு வருஷமானாலும் நான் காத்திருப்பேன். வேற பொண்ணுப் பேச்சு எடுத்தா மரத்து உச்சிக்குப் போயிடுவேன், இறங்கவே மாட்டேன்.”

பட்டம்மாள் படித்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு வேறு ஒரு யோசனை வந்தது போல நிமிர்ந்து பூங்காவனத்தை ஒரு தினுசாகப் பார்த்தாள். ஒன்றுமில்லாத தணிகாசலத்தை இவ்வளவு நல்லவனாக எழுதுகிறவள், கோபம் வந்தால் மாமியாரைப் பற்றி என்ன எழுதமாட்டாள்?

“காத்திருக்கலாம்மா” என்றாள், தேன் ஒழுகும் குரலில். “அவசரம் என்ன? நீ நிதானமா வா கண்ணு.”

ஆனி இருபத்தேழு வந்தது. கல்யாணம் இல்லை என்று காடு முழுக்கச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பத்திரிகை வாங்கிய அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சமைத்ததை என்ன செய்வது, பந்தி போட்டார்கள். பாதிப் பேர் பூங்காவனத்தையும் தணிகாசலத்தையும் சேர்த்து நிற்கவைத்து, “மறுபடி ஒண்ணாச் சேர்ந்துட்டீங்களாமே, ரொம்ப சந்தோஷம்” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். தணிகாசலம் பலாப்பழப் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஆறு மாதத்தை எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். ஆடி, ஆவணி என்று மரப்பட்டையில் கோடு கிழித்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் உட்காருவாள், அந்தப் பக்கம் அருமைநாயகம் உட்காருவான். சட்டத்துக்குப் பயந்து ஓடையைத் தாண்டாமல் பேசிக்கொள்வார்கள். ஐப்பசி மழையில் ஓடை இரைச்சலாகிவிட்டது. கத்திப் பேசியதில் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

கடைசியில் நாள் வந்தது. யானையம்மா முன்னால் இருவரும் நின்றார்கள்.

“சம்மத மனுவில் அவரவர் காரணத்தை அவரவர் கைப்பட, என் கண் முன்னால் எழுத வேண்டும். அதுதான் விதி” என்றார் யானையம்மா.

பூங்காவனம் ஒரு இலை எழுதினாள். தணிகாசலம் நாக்கைத் துருத்திக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினான். அவன் எழுத்து எறும்பு மழைக்குக் கலைந்தது போல நாலு திசையிலும் போனது. ‘எனக்கு அவ வேண்டாம். அவளுக்கு நான் வே’ என்று இருந்தது.

யானையம்மா அந்த இலையைப் பார்த்தார். பூங்காவனத்தின் இலையைப் பார்த்தார். அவருக்குத்தான் எதுவும் மறக்காதே. பழைய கட்டை அவிழ்த்து அந்தப் பத்தொன்பது பத்தி மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“பூங்காவனம், இந்த மேல்முறையீட்டை எழுதியது யார்?”

இனி மறைத்து என்ன பயன்? பூங்காவனம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆடி வருவதற்குள் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டது, தோற்க வேண்டிய மனுவை ஜெயிக்கும்படி எழுதித் தொலைத்தது, எல்லாம். கோதண்டம் மெதுவாக ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

யானையம்மா இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தும்பிக்கை மேலும் கீழும் போயிற்று.

“நியாயப்படி உங்கள் இருவரையும் கூண்டில் போட வேண்டும்” என்றார். “ஆனால் விசாரணை நடந்தால் பதிவேட்டைப் படிக்க வேண்டிவரும். பதினாறாவது பத்தியில் நான் அழுதது அதில் இருக்கிறது. அதை நான் விரும்பவில்லை. ஆகவே, எதிர்த்தரப்பே எழுதிய மேல்முறையீடு மேல்முறையீடே அல்ல. அது நடக்கவே இல்லை என்று தீர்மானிக்கிறேன். கரடி கொடுத்த விவாகரத்து அப்படியே நிற்கிறது. தொண்ணூறு நாளும் ஆடி இரண்டிலேயே முடிந்துவிட்டது.”

“அப்படின்னா...?”

“நீ ஆடி மூன்றாம் தேதியிலிருந்தே யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டிருக்கலாம். இத்தனை நாள் எதற்குக் காத்திருந்தாய்?”

பூங்காவனத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தாள். தணிகாசலம் “அப்ப நான் போய்த் தூங்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். அவள் ஒரே தாவில் கிளை மேல் கிளையாகப் பறந்து, ஓடையையும் தாண்டி, அருமைநாயகத்தின் மரத்தில் போய் நின்றாள்.

“விடுதலை! முழு விடுதலை! இன்னிக்கே, இப்பவே கல்யாணம்!” என்று கத்தினாள். அருமைநாயகம் பாதி வழியில் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பட்டம்மாள் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்திருந்தாள்.

“கொஞ்சம் பொறு கண்ணு” என்றாள் தேன் குரலிலேயே. “இன்னிக்கு மார்கழி ஒண்ணு.”

நீதி: தொண்ணூறு நாள் பொறுக்காதவர்களுக்குச் சட்டம் ஆறு மாதம் தரும், பஞ்சாங்கம் இன்னொரு மாதம் தரும், ஆகவே சட்டத்தில் குறுக்கு வழி தேடுகிறவர்கள் முதலில் தங்கள் கையெழுத்தைக் கெடுத்துக்கொள்ளவும்.